பணத்துக்கு ஒரு வாசல், சாவிக்கு இன்னொரு வாசல்: சிங்கப்பூரில் வாடகைப் பாக்கி நீதிமன்றம் போகும்போது

“அண்ணே, இந்த மாசம் கம்பெனில சம்பளம் லேட்டு. 15ஆம் தேதிக்குள்ள போட்டுடறேன், கோச்சுக்காதீங்க.”

வாடகைப் பாக்கி பெரும்பாலும் இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தியில்தான் பிறக்கிறது. 15ஆம் தேதி வரும், போகும். அடுத்த மாதம் பேநவ்வில், அதாவது கைப்பேசிவழிப் பணமாற்றில், பாதித் தொகை விழும். அதற்கடுத்த மாதம் அதுவும் விழாது. வீட்டுக்காரர் ஊர்க்காரப் பையனாயிற்றே என்று பொறுப்பார், பிறகு பொருமுவார், கடைசியில் தெரிந்தவர் யாரிடமாவது கேட்பார்: “கேஸ் போட்டு ஆளைக் காலி பண்ண முடியுமா?”

கேள்வி ஒன்றுதான். ஆனால் அதற்குள் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. வரவேண்டிய பணத்தை வாங்குவது ஒன்று, வீட்டைத் திரும்பப் பெறுவது மற்றொன்று. சிங்கப்பூரில் இவை வெவ்வேறு வாசல்கள். இது தெரியாமல் ஒரே மனுவில் இரண்டும் கிடைத்துவிடும் என்று போய் நிற்பவர்கள்தான் அதிகம். கதவைத் திறக்காமல், தபாலைப் பிரிக்காமல் ஒளிந்திருக்கும் வாடகைதாரருக்கும் இதே குழப்பம்தான். பண வழக்குக் கடிதம் வந்தவுடனே நாளைக்கே தெருவில் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, போகவேண்டிய நாளில் போகாமல் இருந்துவிடுகிறார்.

முதலில் ஒரு பின்னணி. ஊரில் இருப்பதுபோல வாடகைக்கென்று தனி நீதிமன்றம் இங்கே கிடையாது. வாடகைக்கு உச்சவரம்பும் கிடையாது. ஒரு காலத்தில் கட்டுப்பாடு இருந்தது. போர் முடிந்த கையோடு 1947இல் வந்த சட்டம், அந்த ஆண்டு செப்டம்பர் 7க்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உறையவைத்தது. நகரத்தின் பழைய கடைவீடுகளில் அடிமட்ட வாடகைக்குக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருந்தது அதனால்தான். 2001இல் அதை ஒரேயடியாக நீக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து வாடகை என்பது இரண்டு பேர் கையெழுத்திட்ட காகிதம், அவ்வளவே. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் குறியீட்டின்படி 2022 என்ற ஒரே ஆண்டில் தனியார் வீட்டு வாடகை 29.7 விழுக்காடு ஏறியபோதும் சட்டம் குறுக்கே வரவில்லை. அந்த உச்சத்தில் கையெழுத்திட்டுவிட்டு, நடுவில் வேலை போனவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

பண வாசல்

பெரும்பாலான வீட்டு வாடகைப் பாக்கிக்குப் பொருத்தமான இடம் அரசு நீதிமன்றங்களில் உள்ள சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கிறது. வழக்கறிஞருக்கு உள்ளே இடமில்லை, அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும். மனுவை சிங்பாஸ் எனும் அரசு மின்னடையாளக் கணக்கு மூலம் இணையத்திலேயே பதியலாம்.

நிபந்தனைகள் மூன்று. வீட்டுக் குத்தகை 2 ஆண்டுக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். கேட்கும் தொகை 20,000 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும், இருதரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை போகலாம். பாக்கி விழுந்து 2 ஆண்டுக்குள் மனு வந்திருக்க வேண்டும். 2019 நவம்பருக்கு முன் வரம்பு 10,000 வெள்ளி, கெடு ஓர் ஆண்டு. பழைய கணக்கை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் உண்டு, நம்பிவிடாதீர்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஈசூனில் ஒரு நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, மாத வாடகை 3,200 வெள்ளி, 2 ஆண்டு ஒப்பந்தம், முன்பணம் 2 மாதம், அதாவது 6,400. வாடகைதாரர் 8 மாதம் கட்டவில்லை: 25,600. இந்தத் தொகையைப் பார்த்ததும் ‘வரம்பு தாண்டிவிட்டது, வழக்கறிஞரைத்தான் பிடிக்க வேண்டும்’ என்று வீட்டுக்காரர் முடிவு கட்டிவிடுவார். ஆனால் வீடு கைக்கு வந்துவிட்டதென்றால் முன்பணத்தைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 19,200. ஒப்பந்தப்படி வாடகைதாரர் கட்டவேண்டிய மின்சார, தண்ணீர்க் கட்டணமும் ஏர்கான் சர்வீஸும் சேர்ந்து 1,100 என்றால் 20,300 ஆகிறது. மேலே நிற்கும் 300 வெள்ளியை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டால் நடுவர் மன்றத்துக்குள் வந்துவிடலாம். 300ஐ விட மனமில்லாமல் மேஜிஸ்திரேட் நீதிமன்றம் போனால் வழக்கறிஞர் கட்டணம் அதைப்போலப் பல மடங்கு விழுங்கும். ஆனால் ஒரே பாக்கியை இரண்டு துண்டாக்கி இரண்டு மனுவாகப் போட முடியாது.

மனு பதிந்ததும் நேரே விசாரணை நடக்காது. முதலில் இணையத்திலேயே பேரம் பேசிப் பார்க்க வழி இருக்கிறது. அதில் படியாவிட்டால் பதிவாளர் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார். பெரும்பாலும் இங்கேதான் ‘மாதம் 800 வீதம்’ என்பது போன்ற தவணை உடன்பாடு எழுதப்படும். என்னைக் கேட்டால், வேலை இழந்து நிற்கும் வாடகைதாரருக்குக் கிடைக்கும் மிக நல்ல வாய்ப்பு இந்த அறைதான். இங்கேயும் முடியாவிட்டால்தான் நடுவர் முன் விசாரணை. அழைக்கப்பட்டவர் வரவில்லையென்றால் வந்தவர் பேச்சைக் கேட்டே உத்தரவு போடலாம். பிறகு அதை ரத்து செய்யக் கேட்கலாம்தான், ஆனால் வராததற்குச் சரியான காரணம் காட்ட வேண்டும்.

20,000 வெள்ளிக்கு மேல் போனாலோ, 3 ஆண்டு ஒப்பந்தமாக இருந்தாலோ மேஜிஸ்திரேட் நீதிமன்றம் 60,000 வெள்ளி வரை விசாரிக்கும், அதற்கு மேல் 250,000 வரை மாவட்ட நீதிமன்றம். அங்கே கெடுக்கள் கறாரானவை. மனு கைக்கு வந்த 14 நாளுக்குள் எதிர்த்து வாதிடுவேன் என்று அறிவிக்க வேண்டும், 21 நாளுக்குள் எதிர்வாதத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். இல்லையேல் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்துவிடும். வாடகைப் பாக்கிக்குப் பொதுவான காலவரம்பு 6 ஆண்டு என்பதால், நடுவர் மன்றத்தின் 2 ஆண்டைத் தவறவிட்டவருக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கும்.

காகிதம் பேசும்

முத்திரைத்தாள் தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. இது பலரைக் கவிழ்த்திருக்கிறது. 4 ஆண்டு வரையிலான குத்தகைக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு தீர்வை. நம் ஈசூன் வீட்டுக்கு 24 மாதத்துக்கு 76,800 வெள்ளி வாடகை என்றால் தீர்வை 307 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்தானால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். வழக்கமாக வாடகைதாரர்தான் கட்டுவார். அவர் கட்டிவிட்டார் என்று வீட்டுக்காரர் வாய்ப்பேச்சை நம்பி இருந்துவிடுவார், வழக்குப் போடும் நேரத்தில்தான் சான்றிதழைத் தேடுவார். பிந்திக் கட்டலாம், ஆனால் 3 மாதத்துக்கு மேல் தாமதித்தால் அபராதம் தீர்வையைப்போல 4 மடங்கு வரை போகும். அறை வாடகைக்கு வாட்ஸ்அப்பிலேயே பேசி முடிப்பவர்கள் இதையெல்லாம் யோசிப்பதே இல்லை.

வீவக வீடென்றால் இன்னொரு காகிதமும் வேண்டும்: கழகத்தின் அனுமதி. அனுமதி வாங்காமல் வாடகைக்கு விட்டவர் பாக்கி கேட்டு நீதிமன்றம் போவது, தன் தவற்றைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போலத்தான். குறைந்தபட்சக் காலமும் உண்டு. வீவக வீட்டுக்கு 6 மாதம், தனியார் வீட்டுக்கு 3 மாதம்.

அடுத்தது, நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல். முதலில் சொன்ன அந்த ‘அண்ணே’ செய்தி ஒரு நல்ல சாட்சியம். கடன் இருப்பதை வாடகைதாரரே ஒப்புக்கொள்கிறார், தேதியும் இருக்கிறது. ஆனால் அது தமிழில் இருக்கிறது, பாதி நேரம் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில். நீதிமன்றத்தில் ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், வேற்றுமொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். குரல் செய்தி என்றால் எழுதி எடுத்து மொழிபெயர்க்க வேண்டும். ‘போட்டுடறேன்’ என்பதை ‘கட்டிவிடுகிறேன்’ என்று புரிந்துகொள்ள நடுவருக்கு வழியில்லை. நேரில் பேசுவதற்கு மட்டும் கவலை வேண்டாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்கலாம்.

இதனால் பாக்கி விழுந்த முதல் மாதமே எளிய ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுவது நல்லது: எந்த மாதம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள். உறவு கெட்டுவிடுமே என்று தயங்குகிறார்கள். எட்டு மாதம் கழித்துக் கெடுவதற்குப் பதில் இப்போது கொஞ்சம் சங்கடப்படலாம்.

சாவி வாசல்

நடுவர் மன்றம் ‘இவ்வளவு கொடு’ என்று சொல்லும், ‘வீட்டை விட்டுப் போ’ என்று சொல்லாது. வீடு வேண்டுமென்றால் குத்தகையை முறித்து, வீட்டை மீட்கக் கேட்டு மேஜிஸ்திரேட் அல்லது மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். ஒப்பந்தத்தில் ‘இத்தனை நாள் வாடகை கட்டாவிட்டால் வீட்டுக்காரர் மீண்டும் நுழையலாம்’ என்ற விதி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அச்சடித்து வரும் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்கும்.

சட்டம் இங்கே வாடகைதாரருக்கு ஒரு மூச்சுவிட இடம் வைத்திருக்கிறது. சொத்துரிமை மாற்றல் சட்டத்தின்படி, பாக்கிக்காக வீட்டை மீட்கும் வழக்கில் விசாரணைக்கு முன்பே பாக்கி முழுவதையும் வழக்குச் செலவையும் கட்டிவிட்டால் வழக்கு நின்றுபோகும், குத்தகை தொடரும். விசாரணையில் வீட்டுக்காரர் வென்றாலும் வீட்டை ஒப்படைக்க நீதிமன்றம் குறைந்தது 4 வாரம் தர வேண்டும். அதற்குள் கட்டினாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஆக, நாளைக்கே தெருவில் நிறுத்த முடியாது.

வீட்டுக்காரர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘குத்தகை முறிந்தது, காலி செய்’ என்று கடிதம் அனுப்புவார்கள். மறுமாதம் முதல் தேதி பேநவ்வில் 3,200 விழும். வந்தவரை லாபம் என்று வைத்துக்கொண்டு ‘நன்றி தம்பி’ என்று பதிலும் போடுவார்கள். பாக்கி இருப்பது தெரிந்தே புது மாத வாடகையை வாங்கிக்கொண்டால் குத்தகை தொடர்வதை ஏற்றுக்கொண்டதாகத்தான் சட்டம் பார்க்கும். அந்தப் பாக்கிக்காகக் குத்தகையை முறிக்கும் உரிமை கரைந்துவிடும். எந்தப் பணத்தை எதற்காக வாங்குகிறோம், பழைய பாக்கிக்கா புது மாதத்துக்கா என்று அன்றே எழுதி அனுப்ப வேண்டும். குழப்பமாக இருந்தால் அந்த ஒரு விஷயத்துக்காவது வழக்கறிஞரைக் கேட்டுவிடுவது மேல்.

பூட்டை மாற்றுவது, சாமானை ஐந்தடிப் பாதையில் இறக்கி வைப்பது, மின்சாரத்தைத் துண்டிப்பது எல்லாம் ஆத்திரத்தில் தோன்றும். குத்தகை சரியாக முறியாதிருந்தால் வீட்டுக்காரர்தான் இழப்பீடு கொடுக்க வேண்டி வரும். கைகலப்பு என்றால் போலீஸ், ஓயாத மிரட்டல் என்றால் 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம். பாக்கி வைத்தவர் புகார் கொடுப்பவராகவும் பாக்கி வரவேண்டியவர் பதில் சொல்பவராகவும் மாறிவிடுவார்கள்.

அதே நேரம் காலம் முடிந்தும் வீட்டைப் பிடித்து வைத்திருப்பவருக்குக் கணக்கு வேகமாக ஏறும். குத்தகை முடிந்த பிறகும் சம்மதமில்லாமல் தங்கினால், விட்டுப்போகும் நாள் வரை இரட்டை வாடகை கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்குக் குடிமைச் சட்டப்படி உண்டு. மாதம் 3,200 அன்றிலிருந்து 6,400.

ஜப்தி

மூன்றாவதாக ஒரு பக்கவாசல். 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் பாக்கி ஜப்திச் சட்டம். வாடகைதாரருக்கு முன்னறிவிப்பு இல்லாமலே வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் ஆணை வாங்கி, 12 மாதம் வரையிலான பாக்கிக்கு வீட்டிலிருக்கும் பொருள்களைப் பிடிக்கலாம். நீதிமன்ற ஊழியர், ஊரில் அமீனா என்போமே அவர், வந்து பட்டியலிட்டுச் சீல் வைப்பார். 5 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும் அல்லது ஆணையை எதிர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஏலம். அத்தியாவசியத் துணிமணியையும் படுக்கையையும் தொட முடியாது.

கேட்க மிரட்டலாக இருக்கும். வீடுகளில் இது அவ்வளவு பலிக்காது. சோபா, கட்டில், துணி துவைக்கும் இயந்திரம், தொலைக்காட்சி என்று எல்லாம் போட்டுத்தானே வாடகைக்கு விடுகிறோம்? ஜப்தி செய்தால் தன் சோபாவைத் தானே பிடிக்க வேண்டியதுதான். சரக்கு நிறைந்த கடைக்குத்தான் இது ஆயுதம். தவிர, ஜப்தி என்பது குத்தகை உயிரோடு இருப்பதை ஏற்றுக்கொண்டு செய்வது. அதையும் செய்துவிட்டு அதே பாக்கிக்காகக் குத்தகை முறிந்தது என்றும் சொல்ல முடியாது.

வாடகைதாரர் பக்கம்

இரண்டு நம்பிக்கைகள் நம் மக்களிடம் ஊறிக் கிடக்கின்றன. ஒன்று, ‘முன்பணம்தான் இருக்கே, கடைசி இரண்டு மாசம் கழிச்சுக்கட்டும்’. சென்னையில் 10 மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது இயல்பாகப் படும். இங்கே ஒப்பந்தங்களில் முன்பணத்தை வாடகைக்கு ஈடுகட்டக் கூடாது என்றுதான் எழுதியிருக்கும். அது சேதத்துக்கும் பாக்கிக்கும் வீட்டுக்காரர் பிடித்து வைத்திருப்பது. அவர் நினைத்தால் கழிக்கலாம், வாடகைதாரராகக் கழித்துக்கொள்ள முடியாது.

மற்றொன்று, ‘ஏர்கான் ஒழுகுது, சரி பண்ணும்வரைக்கும் வாடகை கிடையாது’. பழுது ஒரு தனிக் குறை, வாடகை ஒரு தனிக் கடமை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை நிறுத்தினால் நீதிமன்றத்தில் பாக்கிக்காரராகத்தான் நிற்க வேண்டும். பழுதுக்கு எதிர்க்கோரிக்கை போடலாம். படம், தேதி, பழுது பார்த்த ரசீது இருந்தால் அது எடுபடும்.

வேலை போய் வேலை அனுமதியும் ரத்தானவர் முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தில் ‘டிப்ளமேட்டிக்’ விதி இருக்கிறதா என்று. வழக்கமாக ஓர் ஆண்டு முடிந்த பிறகு 2 மாத முன்னறிவிப்பில் வெளியேற அது வழிவிடும். அந்த விதி இல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்கு விமானம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். மீதமுள்ள மாதங்களுக்கும் இழப்பீடு கேட்கப்படலாம். ஆனால் குத்தகையை முடித்துக்கொண்ட வீட்டுக்காரர் புது ஆளைத் தேட நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும், வீட்டைச் சும்மா பூட்டி வைத்துவிட்டு முழுத்தொகை கேட்க முடியாது.

அறை வாடகையில் இருப்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு வீட்டை ஒருவர் முழுதாக எடுத்து, மூன்று அறையை மூன்று பேருக்கு விடுகிறார். மூவரும் மாதம் தவறாமல் அவரிடம் கட்டுகிறார்கள். அவர் வீட்டுக்காரரிடம் கட்டவில்லை. மூல குத்தகை முறிந்தால் இவர்கள் காலடி மண்ணும் போய்விடும். தாங்கள் கட்டியதற்கான கணக்கு இருந்தால் நடுவில் நின்ற அந்த ஆளிடம் முன்பணத்தைக் கேட்டு இவர்களும் நடுவர் மன்றம் போகலாம். அறை எடுக்கும்போதே மூல ஒப்பந்தத்தையும் உள்வாடகைக்கு வீட்டுக்காரரின் சம்மதத்தையும் காட்டச் சொல்வதில் வெட்கமொன்றும் இல்லை.

எந்தப் பக்கமாக இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள இடமிருக்கிறது. அரசு நீதிமன்றங்களில் சமூக நீதி நிலையம் இருக்கிறது. சமூக மன்றங்களில் இலவச சட்ட ஆலோசனை நடக்கிறது.

தீர்ப்பு வந்த பிறகு

உத்தரவு கையில் இருப்பது வேறு, பணம் கையில் வருவது வேறு. நடுவர் மன்ற உத்தரவையும் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அமலாக்கலாம். வங்கிக் கணக்கை முடக்கலாம், பொருளைப் பிடித்து விற்கலாம். ஆனால் மத்திய சேம நிதியை, அதாவது ஓய்வுக்காலக் கட்டாயச் சேமிப்பை, தொட முடியாது, வாடகைதாரருக்குச் சொந்தமாக எங்காவது வீவக வீடு இருந்தால் அதையும் தொட முடியாது, சம்பளத்தை முதலாளியிடமே மடக்கவும் முடியாது. பாக்கி 15,000 வெள்ளியைத் தாண்டினால் 21 நாள் கெடு கொடுத்துத் திவால் மனு போடலாம். ஆனால் திவாலானவரிடமிருந்து எல்லாக் கடன்காரர்களும் பங்கு கேட்பார்கள், கிடைப்பது சொற்பமாக இருக்கலாம். முழுத்தொகைக்கு ஒரு தீர்ப்பை விட, வேலையில் இருக்கும் ஒருவரோடு மாதம் 800 என்ற உடன்பாடு பல நேரங்களில் கனமானது.

சாவி கைமாறும் நாளில் இரு தரப்பும் சேர்ந்து ஓர் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒவ்வோர் அறையையும் காணொளி எடுத்து, மின்சார, தண்ணீர் மீட்டர் எண்ணைப் படம் பிடித்து, எத்தனை சாவி, எத்தனை அட்டை, எந்தத் தேதி, எத்தனை மணி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். இரட்டை வாடகை கேட்கப்பட்டால் அது நிற்பது அந்தத் தேதியில்தான், முன்பணக் கணக்கு தொடங்குவதும் அந்தத் தேதியில்தான்.